பட்டம் ஒருவருக்கு, ஆண்டுகள் எல்லோருக்கும்

(வெளிநாட்டில் ஆய்வுப் படிப்புக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் ஒரு நூலக அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் முனைவர் பட்டம் என்றதும் நம் வீடுகளில் நான்கு கேள்விகள் எழும். எந்தப் பல்கலைக்கழகம்? நெறியாளர் யார்? உதவித்தொகை எவ்வளவு? முடித்ததும் வேலை கிடைக்குமா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறோம். திருமணமாகிக் கையில் குழந்தையும் இருக்கும் ஒருவர் புறப்படும்போதும் கேள்விகள் இவைதான். கூடப் போகிறவர் அங்கே பகலெல்லாம் என்ன செய்வார், குழந்தை எந்த மொழியில் படிக்கும், ஐந்தாறு ஆண்டு கழித்து அவர்கள் இருவரும் எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒதுக்கப்படுகின்றன.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பட்டம் ஒருவர் பெயரில் வரும். அதற்குச் செலவாகும் ஆண்டுகள் வீட்டில் எல்லோருடையவை. எனவே ஆய்வுக்குத் திட்டம் எழுதும் அதே மேசையில் குடும்பத்துக்கும் திட்டம் எழுத வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் கணவர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஆய்வு செய்த ஆண்டுகளில் நானும் எங்கள் மகளும் அவருடன் இருந்தோம். திரும்பி வந்து கல்லூரி ஆசிரியரான பிறகு, புறப்படும் குடும்பங்களையும் திரும்பும் குடும்பங்களையும் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

முந்தைய தலைமுறைகளில் குடும்பத்தை ஊரிலேயே விட்டுச் சென்றார்கள். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் ‘நெவாசா’ கப்பலேறிய கணித மேதை ராமானுஜனை நாம் அறிவோம். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிவழி பி.ஏ. பட்டம் தந்தது. பிற்காலத்து முனைவர் பட்டத்துக்கு அங்கே அதுவே முன்னோடி. அவர் புறப்பட்டபோது மனைவி ஜானகி அம்மாள் பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகள் இருவருக்கும் இடையில் கடல். எழுதிய கடிதங்கள்கூட ஒழுங்காகக் கைக்கு வந்து சேரவில்லை. 1919இல் ராமானுஜன் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்தார். சேர்ந்து வாழக் கிடைத்தது ஓராண்டுக்குச் சற்று மேல். பிறகு அந்த அம்மையார் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டு 1994 வரை வாழ்ந்தார். ராமானுஜனின் இங்கிலாந்து ஆண்டுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டுகள் ஜானகி அம்மாளுக்கு எப்படிக் கழிந்தன என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்து லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920இல் மறுபடி லண்டன் சென்று படிப்பை முடித்தார். அந்த ஆண்டுகளில் ரமாபாய் அம்மையார் மும்பையில் வறுமையோடு குடும்பத்தைக் காத்தார். பிறந்த ஐந்து பிள்ளைகளில் பிழைத்தவர் யஷ்வந்த் ஒருவரே. அண்ணலின் படிப்பு கோடிக்கணக்கானோரைத் தலைநிமிர வைத்தது. அதற்கு அந்த வீடு கொடுத்த விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

குடும்பத்தோடு இருந்தே ஆய்வு செய்தவர்களும் உண்டு. போலந்திலிருந்து பாரிஸ் வந்த மேரி கியூரிக்கு 1897 செப்டம்பரில் மகள் ஐரீன் பிறந்தாள். அதையடுத்துத்தான் அவர் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். குழந்தை பிறந்த சில வாரங்களில் கணவர் பியரின் தாயார் காலமானார். மருத்துவரான மாமனார் யூஜின் கியூரி மகன் வீட்டுக்கே வந்து தங்கிப் பேத்தியை வளர்த்தார். 1903 ஜூனில் மேரி பட்டம் பெற்றார். அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. ரேடியத்தைப் பிரித்தெடுத்த கொட்டகையைப் பற்றி நம் பாடநூல்கள் சொல்கின்றன. பேத்தியை வளர்த்த தாத்தாவையும் அவை சொல்ல வேண்டும். அந்தப் பேத்தியும் 1935இல் நோபல் பரிசு பெற்றாள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பெரும்பாலானோர் குடும்பத்தோடு போக விரும்புகிறார்கள். பல நாடுகள் அனுமதிக்கவும் செய்கின்றன. ஆனால் கூடப் போகிறவர் அங்கே எப்படி வாழ்வார் என்பதை அவருடைய திறமையோ படிப்போ தீர்மானிப்பதில்லை. கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவின் வகை தீர்மானிக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். மாணவருக்கு எஃப்-1, துணைக்கும் பிள்ளைகளுக்கும் எஃப்-2. எஃப்-2 விசாவில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அதனால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடைக்காது. நான் இருந்த காலத்தில் பட்டத்துக்காக ஒரு பாடம்கூடப் படிக்க முடியாது. பொழுதுபோக்கு வகுப்புகளுக்கு மட்டுமே அனுமதி. 2015 மே மாதத்தில் விதி மாறியது. இப்போது பகுதிநேரமாகப் பட்டப் பாடங்கள் படிக்கலாம். அந்த மாற்றம் தெரியாமலே ஆண்டுகளைக் கழித்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். ஃபுல்பிரைட் போன்ற உதவித்தொகையில் செல்வோருக்கு ஜே-1 விசா. அவருடைய துணை விண்ணப்பித்து அனுமதி பெற்று வேலைக்குப் போகலாம். ஆனால் அந்த வழியில் செல்வோரில் பலருக்குப் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆய்வகம், அடுத்தடுத்த வீடு. ஒரு வீட்டில் மனைவி வேலைக்குப் போகிறாள், மறு வீட்டில் போக முடியாது. வேறுபாடு விசாவில் இருக்கும் ஓர் எழுத்தில்தான்.

பிரிட்டன் 2024 ஜனவரி முதல், பாடவழி முதுகலைப் படிப்புக்கு வருவோர் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று விதி செய்தது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு அந்த உரிமை தொடர்கிறது. துணை வேலையும் செய்யலாம். ஆனால் மருத்துவக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் மாணவருக்கும் அவர் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 776 பவுண்டு. தங்கும் காலம் முழுவதற்கும் விசா விண்ணப்பத்தின்போதே கட்டிவிட வேண்டும். நான்கு பேர், நான்கு ஆண்டு என்று கணக்கிட்டால் 12,416 பவுண்டு. நம் பணத்தில் பதின்மூன்று லட்சத்துக்கு மேல். பல உதவித்தொகைகள் மாணவரின் பங்கை மட்டும் ஏற்கும். மீதியைக் குடும்பம்தான் புரட்ட வேண்டும். நகையை அடகு வைப்பதற்கு முந்தைய நாள் இந்தக் கணக்கு தெரியவந்த வீடுகள் உண்டு.

ஜெர்மனியிலும் சுவீடனிலும் ஆய்வாளர் பெரும்பாலும் சம்பள ஒப்பந்தத்தில் பணியாளராக இருக்கிறார். இது குடும்பத்தின் நிலையையே மாற்றிவிடுகிறது. ஜெர்மனியில் குடும்ப அனுமதியில் வரும் துணை தடையின்றி வேலை செய்யலாம். ஆய்வாளரின் அனுமதி வகையைப் பொறுத்து அவர் ஏ-1 நிலை ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டியிருக்கும் என்பதால், சென்னையில் கோதே நிறுவனத்தின் வகுப்புகளில் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து படிக்கும் பெண்களைப் பார்க்கலாம். சுவீடனில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் ஊதிய விடுப்பு. ஆய்வு மாணவருக்கும் அது பொருந்தும். ஜப்பானில் சார்ந்து வாழும் துணை அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

இவற்றைப் பட்டியலிடுவதற்குக் காரணம் இருக்கிறது. தரவரிசையில் ஐம்பது இடம் பின்தங்கிய பல்கலைக்கழகம் ஒன்று உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ வேலை செய்யும் உரிமையையும் குழந்தைக்குக் காப்பகத்தையும் தருமானால், குடும்பத்தின் கணக்கில் அதுவே முதலிடம். ஆய்வும் அமைதியான வீட்டில்தான் நன்றாக நடக்கும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். மேடிசனில் மணமான மாணவர்களுக்காக மெண்டோட்டா ஏரிக்கரையில் ஈகிள் ஹைட்ஸ் என்ற குடியிருப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த ஏரி உறைந்து, அதன்மேல் மனிதர்கள் நடப்பார்கள். வளாகத்துக்குள் ஓடும் 80ஆம் எண் பேருந்து வீட்டு வாசலுக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலான உயிர்நாடி. கணவனோ மனைவியோ காலையில் அதில் ஏறிப் போய்விட்டால், மீதமிருப்பவருக்குக் குழந்தையும் சன்னலுக்கு வெளியே பனியும். முதல் குளிர்காலம் கடினமானது. மாலை நான்கரைக்கே இருட்டிவிடும். ஊரில் பள்ளி ஆசிரியையாகவோ வங்கி ஊழியராகவோ நாலு பேர் மதிக்க வாழ்ந்தவர், ஒரு நாள் முழுக்கப் பெரியவர் ஒருவரோடும் பேசாமல் கழிப்பார். இந்தத் தனிமையை யாரும் முன்கூட்டிச் சொல்லிவிடுவதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம். தெரிந்துகொண்டு போகிறவர்தான் தாங்குகிறார் என்பது நான் கண்டது.

அங்கேயே மருந்தும் இருந்தது. குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஆங்கில வகுப்புகள், தாய்மார்கள் குழந்தைகளோடு கூடும் நேரங்கள். 1962 முதல் நடந்துவரும் சமூகத் தோட்டம் ஒன்று. குடும்பத்துக்கு ஒரு பாத்தி. மே மாதம் உறைபனி நின்றதும் கொரியப் பெண்களும் சீனத் தாத்தாக்களும் ஆப்பிரிக்கக் குடும்பங்களும் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். நாங்கள் வெண்டையும் கத்தரியும் வெந்தயக்கீரையும் போட்டோம். மொழி தெரியாதவர்கள் விதையைக் கைமாற்றிக்கொண்டு நட்பானார்கள். வேலை செய்யக் கூடாது என்று சட்டம் சொன்ன பெண்கள் அந்த மண்ணில் வேலை செய்து விளைச்சல் கண்டார்கள். ஒரு பல்கலைக்கழகம் குடும்பங்களுக்குச் செய்யக்கூடிய உதவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தத் தோட்டமே சான்று.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் உதவித்தொகை ஒரு தனி மனிதர் வாழ்வதற்காகக் கணக்கிடப்பட்டது. அதில் மூவர் வாழ்கிறார்கள். மாணவரின் மருத்துவக் காப்பீட்டைப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். துணைக்கும் குழந்தைக்கும் உரிய பிரீமியம் பல இடங்களில் கைக்காசு. கைக்குழந்தைக் காப்பகத்துக்குப் பல நகரங்களில் உதவித்தொகையின் பாதியே போய்விடும். அதனால் துணைக்குப் படிக்க உரிமை இருந்தும் படிக்க முடியாது; குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. ஊரிலோ “அமெரிக்காவில் இருக்கிறான்” என்று தங்கை கல்யாணத்துக்குப் பணம் எதிர்பார்ப்பார்கள். பெற்றோர்களே, ஆய்வு மாணவர் சம்பாதிக்கப் போனவர் இல்லை. படிப்பு முடியும்வரை அவரிடம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். அதுவே அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் பேருதவி.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பாட்டி தாத்தாக்கள் போகிறார்கள். அமெரிக்காவில் பார்வையாளராக நுழைபவருக்கு வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். பெண்ணைப் பெற்றவள் ஆறு மாதம், பிள்ளையைப் பெற்றவள் ஆறு மாதம் என்று முறைபோட்டுப் பேரக்குழந்தையை வளர்த்துக் கொடுத்த அம்மாக்களால்தான் நம்மவர் எழுதிய பல ஆய்வேடுகள் முடிந்திருக்கின்றன. அறுபது வயதுக்கு மேல் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கும். பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் முன்பே இருக்கும் நோய்க்குப் பணம் தருவதில்லை. அதைப் படித்துப் பார்க்காமல் அவர்களை அழைக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு வருவோம். அவர்கள்தான் எல்லோரையும்விட வேகமாக அந்த மண்ணில் வேர்விடுகிறார்கள். அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் சேரலாம். முதல் சில மாதம் வாய் திறக்காத பிள்ளை, அடுத்த கோடையில் பெற்றோருக்கே உச்சரிப்பைத் திருத்தும். ஆங்கிலம் பேசத் தயங்கும் தாய்க்காக ஏழு வயதுப் பிள்ளை மருத்துவமனையில் பேசுவதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம், கூடவே, அந்த வயதுக்கு அது பாரம் என்பதையும் உணர வேண்டும். தமிழ் மெல்ல நழுவும். முதலில் பதில்கள் ஆங்கிலத்தில் வரும். பிறகு பாட்டியோடு தொலைபேசியில் பேச்சு சுருங்கும். சுவீடனில் பள்ளிகள் தாய்மொழியைக் கற்றுத்தர வேண்டும் என்று விதி இருக்கிறது. போதிய மாணவர்களும் தகுந்த ஆசிரியரும் இருந்தால் தமிழும் அதில் அடக்கம். அங்கே ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இந்த உரிமையைக் கேட்டுப் பெற்றிருக்கின்றன. அப்படி ஏற்பாடில்லாத நாட்டில் வீடுதான் பள்ளி. நாள்தோறும் தமிழில் ஒரு கதை சொல்லுங்கள், எழுத்தையும் கைவிடாதீர்கள். திரும்பி வரும்போது இது உணர்ச்சிக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் ஆக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை அ, ஆ எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை நான் அறிவேன்.

ஆய்வு செய்வது தாயாக இருந்தால்? 1958இல் பத்தொன்பது வயதில் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற நம் சியாமளா கோபாலன், 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய மூத்த மகள் கமலா ஹாரிஸ் பிறந்தார். கணவர் டொனால்டு ஹாரிஸும் அங்கே பொருளாதார ஆய்வு மாணவர். அவர் பட்டம் பெற்றது 1966இல். பராக் ஒபாமாவின் தாயார் ஆன் டன்ஹாம், ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வுக்காக 1975இல் இந்தோனேசியா சென்றபோது மகள் மாயாவை அழைத்துச் சென்றார். பதின்வயது மகன் ஹவாயில் பாட்டி தாத்தாவோடு இருக்க விரும்பினான். அவன் விருப்பப்படியே விட்டார். கிராமத்துக் கொல்லர்களைப் பற்றிய ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஆய்வேட்டுக்கு 1992இல்தான் பட்டம் கிடைத்தது. பிள்ளைகளோடு ஆய்வு செய்யும் பெண்ணுக்குக் காலம் கூடுதலாகத் தேவை. இதைக் குறையாகப் பார்க்காமல் விதியாக எழுதிய நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் அரசு ஆய்வு நிதி பெறும் மாணவிக்கு 52 வாரம் வரை மகப்பேறு விடுப்பு. முதல் 26 வாரம் முழு உதவித்தொகை. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் வரை விடுப்பு தருகின்றன. புறப்படும் பெண்கள், சேரும் இடத்தில் இது எப்படி என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மனைவி படிக்கக் கூடப் போகும் கணவனை “வீட்டோடு இருக்கிறான்” என்று பேசுகிற உறவினர்களுக்கும் சொல்கிறேன்: மகளை வளர்த்துக்கொண்டு மனைவியை ஆய்வகத்துக்கு அனுப்பும் ஆண் மதிப்புக்குரிய வேலையைச் செய்கிறான்.

இன்னொரு சோதனை, முடிவு தெரியாத காலம். பிரிட்டனில் மூன்று நான்கு ஆண்டில் முடியும் ஆய்வு, அமெரிக்காவில் ஐந்தாறு ஆண்டு பிடிக்கும். சோதனை தோற்கும், நெறியாளர் வேறு இடம் மாறுவார், கட்டுரை திரும்பி வரும். ஊரிலிருந்து “எப்போது முடியும்?” என்று கேட்பார்கள். பதில் ஆய்வாளருக்கே தெரியாது. அந்தத் தெரியாமையோடு வாழ்வது துணைக்கு இன்னும் கடினம், ஏனென்றால் ஆய்வின் உள்ளே நடப்பது அவருக்குக் கண்ணில் படுவதில்லை. வாரம் ஒருமுறையாவது வேலை எங்கே நிற்கிறது என்று எளிய சொற்களில் வீட்டில் சொல்லுங்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் கடைசி வரியில் மனைவி பெயரை எழுதுவதைவிட, நடுவில் அவரைத் தெரிந்தவராக வைத்திருப்பது மேல்.

ஆகவே புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். துணைக்கு வேலை உரிமை, படிப்பு உரிமை, குடும்பக் காப்பீட்டுச் செலவு, குடும்பக் குடியிருப்புக்கான காத்திருப்புப் பட்டியல், காப்பகக் கட்டணம் ஆகிய ஐந்தையும் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டதற்காக இடம் பறிபோகாது. துணை அங்கே படிக்கப்போகும் மொழியையோ பாடத்தையோ முதல் ஆண்டிலேயே தொடங்கட்டும். ஆய்வு முடிந்த பிறகு பார்க்கலாம் என்பது ஐந்து ஆண்டு இடைவெளியாகி, வேலைவாய்ப்பின் கதவை அடைத்துவிடும். இயன்றால் இருவரில் ஒருவர் ஊர் வேலையை ராஜினாமா செய்வதற்கு முன் நீண்ட விடுப்புக்கு வழி உண்டா என்று பாருங்கள்.

நம் கல்வி நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆய்வு மாணவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கிறதா, அவர்கள் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கிறதா என்று நாமும் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன கேட்கிறோமோ அதை அவர்களுக்கு இங்கே தருவதுதான் நியாயம்.

இளையவர்களே, விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் உங்களோடு வரப்போகிறவரை எதிரில் உட்காரவைத்து, “இந்த ஆண்டுகளில் உனக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதிவையுங்கள். ஆய்வுத் திட்டத்தின் காலக்கெடுவுக்குக் காட்டும் அதே கண்டிப்பை அதற்கும் காட்டுங்கள். இரண்டும் நிறைவேறினால்தான் அந்தப் பட்டத்தை முழுமையாகப் பெற்றவராவீர்கள்.